சேட்டுக்கு மேல் கிடந்த பிள்ளை

மகள் மாதம் முற்றாமல் பிறந்தவள். ஆசுபத்திரியிலிருந்து அனுப்பும்போதே தாதி தெளிவாகச் சொன்னார்: வெறும் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி பிள்ளையைப் போட்டு வைத்திருக்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் நிறை ஏறும். மனைவிக்கோ சீசர் காயத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல். பால் கொடுப்பதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஆகவே நெஞ்சு என்னுடையதாக வேண்டியிருந்தது.

எங்கள் கல்முனைப் பக்கம் கலியாணம் முடித்தவன் பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பான். மாமி தான் கட்டிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, சமையல் குசினிக்குப் பக்கத்து அறையில் ஒதுங்கியிருந்தார். அவர் முன்னால் நான் வெறும் மேலோடு நின்றதே இல்லை. கிணற்றடியிலும் பெனியன்தான். அவரோ பிள்ளை பெற்றவளுக்குச் மருந்துச் சரக்கு அரைத்த கறியும் சுடுதண்ணியுமாக அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். எனக்குச் சேட்டுச் சட்டையைக் கழற்ற வெட்கம். சேட்டுக்கு மேலேயே பிள்ளையைப் போட்டுக்கொண்டேன். மெல்லிய துணிதானே, சூடு போகாதா என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். போகாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் பிள்ளையைத் தராசில் போட்டார். நிறை ஏறவில்லை, இறங்கியிருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெறும் நெஞ்சிலதானே போடுறீங்க?"

"ஓம், மிஸ்ஸி."

"அப்ப ஏன் கால் இப்பிடிக் குளிந்திரிக்கி? இப்பிடியே போனா திரும்பவும் ஆசுபத்திரிதான்."

வாசலில் நின்ற மாமி, கழுத்துவரை பூட்டியிருந்த என் சேட்டைப் பார்த்தார்.

பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு பையோடு வந்தார். "மருமகன், நான் மருதமுனைக்குத் தங்கச்சிட வீட்ட போய் இரிக்கன். நீங்க ஆறுதலாப் புள்ளைய நெஞ்சில வெச்சிரிங்க."

காய்ச்சலில் கிடக்கும் மகளை விட்டுப் போகிற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. வேண்டாம் மாமி, நானே வெட்கத்தை விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஓட்டோ போன சத்தம் கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்று பின்னேரமே பிள்ளை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. கன்னத்தை அழுத்தி, நெஞ்சு மயிரை விரலால் பிடித்துக்கொண்டு கிடந்தது. மெல்ல மெல்லக் கால் சூடாகியது. இவ்வளவுதானா, இதற்கா இந்த மனுசியை வெளியேற்றினேன் என்று அழுகை வந்தது. மருதமுனை பக்கத்து ஊர்தான்; மாமி அங்கிருந்து வேளாவேளைக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவருவார். வெளிவாசல் கடப்படியில் நின்றே கொடுத்து, "புள்ள சூடா இரிக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

நிறை ஏறி, இனிப் பயமில்லை என்று மிட்வைஃப் சொன்ன பிறகுதான் அவர் வீட்டுக்குள் வந்தார். நான் சேட்டைப் பூட்டிக்கொண்டு மகளை அவர் கையில் கொடுத்தேன். அவள் வீரிட்டு அழுதாள். தோளில் போட்டார், மடியில் போட்டார், கலிமா சொல்லித் தட்டினார். அடங்கவில்லை.

"வாப்பாட சூட்டுக்குப் பழகிட்டா," என்று சிரித்தபடி திருப்பித் தந்தார். பிறகு, "சேட்டக் கழட்டுங்க மருமகன், நான் வெளிய நிக்கன்," என்று சொல்லி, தான் கட்டிய வீட்டின் அறைக்கதவைத் தானே வெளியிலிருந்து சாத்தினார்.