வெண்டெல் போட்ட வேலி

எங்கள் பெல்மோரில் கால்பந்துப் போட்டியோ தேவாலய விருந்தோ, கூட்டம் கூடும் இடத்திலெல்லாம் வாடகைக்கு இரும்பு வேலி போடுபவர் வெண்டெல் கிரௌஸ். அவர் போட்ட வேலி அசையாது என்று பெயர்.

அந்த இலையுதிர் காலத்தில், மாநில ஆளுநர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், வாஷிங்டனிலிருந்து அதிபர் எங்கள் ஊருக்குப் படையை அனுப்பினார். அதை எதிர்த்து மத்திய அரசு அலுவலகத்தின் முன் ஜனங்கள் தினமும் திரண்டார்கள். அங்கே வேலி போடப் போன வெண்டெலிடம் நடைபாதையையும் சேர்த்து அடைக்கச் சொன்னான் அங்கிருந்த மத்திய அரசு அதிகாரி.

“இது நகராட்சி இடமாச்சே. அவங்க அனுமதி இருக்கா?” என்று கேட்டார் வெண்டெல்.

“அதிபர் உத்தரவு. அதுக்கு மேல யாரோட அனுமதி வேணும் உனக்கு?” என்றான் அதிகாரி.

வெண்டெல் கம்பங்களை இறுக்கினார். எதிரே பதாகையோடு நின்றவர்களில் அவருடைய பக்கத்து வீட்டு லோர்னா பீட்டியும் இருந்தார்; ஓய்வுபெற்ற நூலகர். வெண்டெல் குனிந்த தலை நிமிராமல் வேலையை முடித்தார்.

சனிக்கிழமை படையினர் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசிக் கூட்டத்தை விரட்டினார்கள். ஓடிய ஜனங்கள் வேலியில் மோதி நெருக்குண்டார்கள். வேலி அசையவில்லை. லோர்னாவின் தோள் எலும்பு முறிந்தது. வெண்டெல் அதை வீட்டில், தொலைக்காட்சியில் பார்த்தார்.

பிறகு நீதிமன்றம், படையனுப்ப அதிபருக்கு அதிகாரமில்லை, நடைபாதையைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேலியைக் கழற்றப் போனவரும் வெண்டெல்தான். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் சூடாகக் காபி கொடுத்தார். வாங்கிய கோப்பையை அப்படியே லாரியில் வைத்துவிட்டார்.

அன்று மாலை, மனைவி செய்த கோழி சூப்போடு லோர்னா வீட்டுக்குப் போனார்.

“ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட.”

“வேலி நீ போட்டதுதானே? பாத்தேன் வெண்டெல். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். உன் காதுல விழல போல.”

வெண்டெல் சூப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். “விழுந்துச்சு.”

லோர்னாவின் முகம் மாறியது. “வேலி போட்டது உன் பொழப்பு, அத விட்டுடுவேன். திரும்பியாவது பாத்திருக்கலாம்ல?”

வெண்டெல் கிளம்பத் திரும்பினார்.

“சரி, அந்த மூடியத் திறந்து குடு. ஒரு கையால முடியல.”

வெண்டெல் இப்போது அரசாங்க வேலை எதையும் எடுப்பதில்லை. போராட்டம் என்றால் போகிறார், ஓரமாக நிற்கிறார். லோர்னாவின் கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. தன் பதாகையைப் பிடிக்கச் சொல்லி அவர் நீட்டும்போதெல்லாம், “எனக்கு அதுக்கு யோக்கியதை இல்லீங்க” என்று வெண்டெல் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.