மொட்டை மாடியில் ஒரு படகு

என் மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கடலூரிலிருந்து வந்த தங்கச்சி, பையில் கருவாட்டோடு மச்சானின் படகுக் கருவியையும் கொண்டுவந்திருந்தாள். படகு எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. ஆபத்து என்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்; பதில் பெட்டி வழியாக, அதோடு இணைத்த போனுக்கு வரும். விளக்கு எரியவில்லையாம். "ட்ரோன் ஓட்றவருக்கு இது தெரியாதா" என்று கொடுத்தனுப்பியிருந்தார்.

நெய்வேலி மைன்ஸில் ட்ரோன் பறக்கவிட்டு மண்மேடுகளை அளக்கும் கான்ட்ராக்ட் ஆள் நான். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டு மிக்ஸிகூட என்னிடம்தான் ரிப்பேருக்கு வரும். கருவியில் ஒயர் விட்டிருந்தது. பற்றவைத்து, என் போனோடு இணைத்து, வானம் மறைக்காத இடமாக இருக்கட்டும் என்று குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் வைத்தேன். பச்சை விளக்கு சிமிட்டியது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் அதைத் திரும்பக் கொண்டுபோவதற்குள் மச்சான் கடலுக்குப் போய்விட்டார். பக்கத்தில்தான், சாயங்காலம் வந்துவிடுவேன் என்றாராம். அப்புறம் காற்று கிளம்பியது. மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன. அவருடையது மறுநாள் காலையிலும் வரவில்லை.

படகுகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். படகின் எண்ணைக் கேட்டுவிட்டு ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்க சார், சிக்னல் நல்லா வருது. படகு கரையிலதான் இருக்குது."

"சார், அது எங்க வூட்டு மொட்டை மாடி" என்று கத்தினேன். "படகு கடல்ல இருக்கு. பெட்டி நெய்வேலியில இருக்கு."

பிறகு அந்த மனிதர் மடமடவென்று வேலையில் இறங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விமானம் கிளம்பியது, கரையிலிருந்து ட்ரோன்களும் பறந்தன. ஆனால் எங்கே போய்த் தேடுவது? மைன்ஸில் ஒரு ஹெல்மெட் விழுந்தால்கூட, எந்தப் பக்கம் என்று தெரியாமல் ட்ரோனை வைத்து என்னால் தேட முடியாது. இதுவோ கடல். மச்சான் மேல் எனக்கு வந்த கோபத்தில், அவர் எதிரில் நின்றிருந்தால் அறைந்திருப்பேன். நிற்க மாட்டாரா என்றிருந்தது.

மத்தியானம் தங்கச்சியைக் காணோம். மாடிக்கு ஓடினேன். கொதிக்கும் தளத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை விடாமல் அழுத்திக்கினு இருந்தாள்.

"என்னா பண்ற நீ? வந்து தேடறவங்க இங்க வந்து நிப்பாங்க."

"அவுரு படகுதானண்ணா இது. அவுரு அழுத்த முடியல. நான் அழுத்துறேன்."

பெட்டியைப் பிடுங்கினேன். அதற்குள் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். அவள் எட்டி வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல மெதுவாகப் படித்தாள்: "உங்கள் அழைப்பு கிடைத்தது. தைரியமாக இருங்கள். உதவி வருகிறது."

நேற்றிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். முந்தானையால் போனின் திரையைத் துடைத்து, மறுபடியும் படித்தாள்.

"அண்ணா, இது அவுருக்கும் போயிருக்கும்ல?"

செய்தி வருவதற்கு அந்தப் படகுக்கு இருந்தது ஒரே பெட்டி. அது என் கையில் சூடேறிக் கிடந்தது.

"போயிருக்கும்மா" என்றேன்.