பன்றிக்குப் பிரசவம் பார்த்த தங்கையும் எங்கள் வீட்டு வழக்கும்

நீதிமன்றத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த காகிதத்தின் சூடு, விரல் நுனியில் இன்னும் இருப்பதுபோலத் தோன்றுகிறது...

கள்ளக்குறிச்சியில் நான் ஜூனியர் வக்கீலாக இருந்த ஆரம்ப ஆண்டுகள் அவை, நண்பர்களே. சீனியருக்கான நகல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை ஷமீமாவின் அழைப்பு வந்தது.

எங்கள் உறவில் முதல் கால்நடை மருத்துவர் அவள். எனக்குத் தெரிந்த வரையில் என்று சேர்த்துக்கொள்கிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் அரசு மருந்தகத்தில் வேலை.

பணி ஆணை வந்த அன்று அத்தா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். அவருக்கு ஆட்டுக்கறிக் கடை.

"மலை மேல பன்னி வளக்கறவங்க இருக்காங்கமா. ஆடு, மாடு, கோழி, இன்னா வேணா பாரு. பன்னியத் தொட்ற மாதிரி ஆச்சின்னா அன்னிக்கே வேலய எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடணும். கறிக்கடைக்காரன் பொண்ணு பன்னி பாக்குதுன்னா நாளிக்கி எவன் என் கடைல நிப்பான்?"

அவள் ஒப்புக்கொண்டாள். சாட்சி நான்.

இப்போது போனில் அவள் குரல் அவசரமாக இருந்தது. "அண்ணே, ஒரு பன்னி குட்டி போட முடியாம கெடக்கு. குட்டி குறுக்கால மாட்டிக்கிச்சி. கைய வுட்டுத்தான் எடுக்கணும். அத்தாகிட்ட இன்னா சொல்றது?"

அரசு மருத்துவர் என்ற முறையில் அவள் கடமை தெளிவு. மகள் என்ற முறையில் கொடுத்த வாக்கும் தெளிவு. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதோ எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இந்த மூன்றில் எது மேல் கோர்ட், எது கீழ் கோர்ட்?

"ஒரு மணி நேரம் டைம் குடு. விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

"அது வலி எடுத்துக்கினு இருக்குண்ணே. நீ வாய்தா வாங்கினா அது ஒத்துக்குமா?"

இணைப்பு அறுந்தது. நான் பள்ளிவாசலுக்கு நடந்தேன். இமாம் ஹஜ்ரத் தாடியைத் தடவியபடி முழுவதும் கேட்டார்.

"வாயில்லா ஜீவனக் காப்பாத்தறது நல்லதுதான் வக்கீல் சார். அப்பறம் கையச் சுத்தமா கழுவிக்கணும். போதும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறேன்னா?"

"இப்டி ஒண்ண எங்கிட்ட யாரும் கேட்டதில்லயே! எதுக்கும் நான் சொன்னேன்னு உங்க அத்தாகிட்ட சொல்லிடாதீங்க. கறி அங்கதான் வாங்கறேன்."

திரும்ப அழைத்தேன். மலையில் சிக்னல் இல்லை.

மாலையில் மலை பஸ்ஸிலிருந்து இறங்கியவளிடம் முதலில் கேட்டது: "கையுறை போட்டிருந்த இல்ல?"

"போட்டிருந்தேன். உள்ளவே கிழிஞ்சிடுச்சி."

என் கைவசம் இருந்த ஒரே வாதமும் போயிற்று.

வீட்டுக்குள் வராமல் பின்பக்கக் குழாயடியில் போய் நின்றாள். அவளே சொன்னாள். "அத்தா, தொட்டுட்டேன்."

அத்தா குழாயடிக்கு இறங்கி வந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று நான் மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தாய் பொழச்சிச்சா?" என்றார்.

"பொழச்சிச்சித்தா. குட்டிங்களும்."

அதற்குள் அம்மா ஒரு தட்டில் மண்ணோடு வந்துவிட்டார். இங்கே ஒரு விளக்கம் தேவை. அம்மா பரங்கிப்பேட்டைக்காரர், மார்க்கச் சட்டப் பிரிவுகளில் ஷாஃபி வழி. பன்றி, நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அத்தா ஹனஃபி என்ற இன்னொரு பிரிவு. அவர்களுக்கு மண் கட்டாயமில்லை. சுத்தமாகக் கழுவினால் போதும்.

"மண்ணு எதுக்கு? சோப்பு போட்டா பத்தாதா?"

"உங்க சட்டம் உங்களோட. எம்பொண்ணு மண்ணு போட்டுத்தான் கழுவுவா."

"எம்பொண்ணு ஹனஃபி!"

"பெத்தவ நானு!"

"ரெண்டையும் போட்டுக் கழுவிக்கறேன், வுடுங்களேன்! கை காயுது!" என்றாள் ஷமீமா. இருவர் காதிலும் விழவில்லை. அன்று இரவுச் சாப்பாடு வரை அந்த வாதம் நீண்டது.

ராஜினாமா பற்றிய பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தேன்... வரவேயில்லை.

மறுநாள் காலை அவள் பையில் அத்தா ஒரு புது சோப்பை வைத்தார். அம்மா ஒரு துணியில் மண்ணை முடிந்து வைத்தார். அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறினாள்.

அப்படியானால் மூல வழக்கில் தீர்ப்பு எப்போது ஆயிற்று? அத்தா நிபந்தனையைக் கைவிட்டாரா, மறந்தாரா, அம்மாவோடு சண்டை போடும் வேகத்தில் அது காலாவதியாகிவிட்டதா? கேட்டிருக்கலாம். கேட்கப்போய் அவருக்கு நினைவு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் கடைசிவரை கேட்கவில்லை. கடையில் கூட்டம் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஹஜ்ரத் வழக்கம்போல நெஞ்செலும்பு கேட்டு வந்து நின்றார்.

அத்தாவும் அம்மாவும் இப்போது இல்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று ஒருத்தி விமானம் ஓட்டப் படிக்கிறாள். ஒருத்தி ஹிஜாபோடு கிக் பாக்சிங் சொல்லிக்கொடுக்கிறாள். யாரும் "செய்யலாமா" என்று கேட்பதில்லை. படம் வருகிறது, நாங்கள் மாஷா அல்லாஹ் போடுகிறோம். மகிழ்ச்சிதான். மகிழ்ச்சி மட்டும்தானா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

சென்ற வாரம் என் சித்தி மகனின் பையன் ஒரு படம் போட்டான். கோயம்புத்தூரில் நாய்களுக்குப் பயிற்சி தருகிறானாம். ஒரு பெரிய நாய் அவன் கன்னத்தை நக்குகிறது. அவன் கண்ணை மூடிச் சிரிக்கிறான். முதல் இதயக்குறி ஷமீமாவுடையது.

சோப்பா, மண்ணா என்று யாராவது ஆரம்பிப்பார்கள் என்று கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்...

கட்டைவிரல் குறிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.