மூழ்கிய கப்பலுக்கு நாங்கள் செய்த ஷூ

போன வருஷம் மே மாதம், வேலூரில் பொருட்காட்சி போட்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எனக்கு மாதனூர் பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தால்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விடியும்.

கம்பெனியில் எங்கள் தையல் லைனில் ஒரு அக்கா இருக்கிறார். செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்து, கட்டை விரலை உள்ளே விட்டு, வளைத்துப் பார்ப்பார். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பு விழுந்தால் அது ரிஜெக்ட். அந்த ஸ்டிக்கர் பட்டை எப்போதும் அவருடைய போன் கவரில் இருக்கும். கல்யாண வீட்டில் அப்பளம் உடைந்திருந்தால்கூட ஒட்டிவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். "ஒட்டினா இன்னா தப்பு? ஒடஞ்சது ஒடஞ்சதுதானே" என்பார்.

ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நானும் அக்காவும் பொருட்காட்சிக்குப் போனோம். பனிப்பாறையில் மோதி மூழ்கியதே, அந்தப் பெரிய கப்பல், அதன் முன்பாதியைப் பிளைவுட்டில் கட்டி வைத்திருந்தார்கள். கட்டியவர் நாற்பது வயதுத் தச்சர். ஊர் ஊராக இந்தக் கப்பலைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டுவதுதான் பிழைப்பு. அவருடைய மனைவி வாசலில் டிக்கெட் கிழித்தார். இவர் உள்ளே மைக் பிடித்து விளக்கம் சொன்னார்.

மனுஷனுக்குக் கப்பல் மேல் அப்படி ஒரு பிரியம். "இதுல வெல்டிங்கே கெடையாதுங்க. இரும்புத் தகடு மேல தகடு வெச்சி, பழுக்கக் காய்ச்சின ரிவெட் ஆணியை அடிச்சி அடிச்சிக் கட்டினது" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். தட்டிய இடத்தில் இருந்தவை கறுப்பு பெயின்ட் அடித்த சோடா மூடிகள். ஆனால் அவர் சொல்லும்போது இரும்பாகத்தான் தெரிந்தது. உள்ளே போனால் அந்தப் பெரிய மாடிப்படி. கைப்பிடியில் செதுக்கிய பூக்கள், நடுவில் கடிகாரம், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை மாதிரி விளக்கு. பணக்காரர்கள் சாப்பிடும் கூடம் ஒரு பக்கம். கீழே இறங்கினால், வேலை தேடிப் போன ஏழைகள் படுத்த அடுக்குக் கட்டில் அறை. "கம்பெனி லேடீஸ் ஹாஸ்டல்தாண்டி இது" என்றார் அக்கா.

கடைசி அறையில் நீல விளக்கு, தரையெல்லாம் மணல். 'கடலடியில் இருந்து மீட்கப்பட்ட பொருட்கள்' என்று போர்டு. கப்பலில் ஏற்றிய மரப்பெட்டி மக்கிப்போன பிறகும், அதில் அடுக்கிய தட்டுகள் அடுக்கியபடியே மணலில் நின்றனவாம். அதேபோல இவரும் தட்டுகளை வரிசையாகச் சொருகியிருந்தார். ஒரு மூலையில் ஒரு ஜோடி ஷூ. கூட்டம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா பாட்டுக்குக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு ஷூவை எடுத்தார். கட்டை விரல் உள்ளே போனது. ஷூ வளைந்தது. நான் வேண்டாம் என்று முழங்கையைப் பிடிப்பதற்குள் குதிகால் பக்கம் சிவப்பு அம்பு விழுந்துவிட்டது. பல வருஷத்துப் பழக்கம், அவருக்கே தெரியாமல் கை செய்துவிட்டது.

பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் கேட்டார். "இன்னாக்கா அது, அம்பு?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "இங்க தையல் விட்டிருக்குப்பா. நைலான் நூலு, அந்தக் காலத்துல ஏது? இது எங்க ஆம்பூர் பீஸு, ரிஜெக்ட் ஆனது" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உற்றுப் பார்த்தால் எங்கள் லைனில் ஓடிய மாடலேதான். ரிஜெக்டை மொத்தமாகப் போட்டு விற்கும் கடையில் வாங்கி, தச்சர் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார். அதற்குள் அறையே இரைந்தது. ஏமாற்று வேலை என்றார் ஒருவர். இன்னொருவர் வீடியோ எடுத்தார். பொருட்காட்சி மேனேஜர் ஓடி வந்தார்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள செட்டப் பிரிச்சிடு. எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு" என்று தச்சரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. தச்சரின் மனைவி உள்ளே வந்து, புருஷன் செதுக்கிய மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏன் தம்பி ஷூ வெச்ச? தட்டு, மாடிப்படியே போதுமே" என்று கேட்டார் அக்கா.

"எப்பிடிக்கா வெக்காம இருக்கறது?" என்றார் தச்சர். "கடலுக்கு அடியில ஆளுங்களோட எலும்புகூடக் கரைஞ்சிடுச்சாம். ஷூ மட்டும் ஜோடி ஜோடியாக் கெடக்குதாம், பக்கத்துல பக்கத்துல. ஆள் படுத்திருந்த எடம் அதானாம். அதப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. மரம்னா நானே செஞ்சிடுவேன். தோலு எனக்கு வராதே."

அக்கா கையிலிருந்த ஷூவைத் துடைத்துத் திரும்ப மணலில் வைத்தார். "அங்க கெடக்கறது மரப்பட்டைத் தண்ணில ஊறப் போட்டுப் பதம் பண்ண தோலா இருக்கும். பூச்சி, புழு அத லேசுல தொடாது" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் நாளெல்லாம் தொடுகிற பொருள், ஒரு மனுஷியை விட அதிக நாள் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்கா நேராக மேனேஜரிடம் போனார். "போர்டை மாத்தி, எல்லாமே மாதிரினு எழுதிட்றோம் சார். அந்த ஷூவுக்குப் பதிலா அந்தக் காலத்து ஷூ ஒண்ணு நாங்க செஞ்சித் தர்றோம். கெடுத்தது நானு. நாளைக்கு சாயங்காலம் வந்து பாருங்க. புடிக்கலன்னா பிரிச்சிக்கலாம்." மேனேஜர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் இருக்கிறேன், ஒரு முழு ஷூவை நான் செய்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிகால் பக்கத்து வளைவில் இரட்டைத் தையல். அக்காவுக்குத் தெரிந்தது குறை கண்டுபிடிக்க. "இன்னாக்கா, வாயக் குடுத்துட்டியே" என்றேன். "லைன்ல மீதிப் பேரு இல்லியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அக்காவின் தம்பி வைத்திருக்கும் சின்னச் செருப்புப் பட்டறையில் கூடினோம். தோல் வெட்டும் பிரிவில் ஒருத்தி, சோல் ஒட்டும் பிரிவில் ஒருத்தி, நான், அக்கா. தம்பி பட்டை போட்டுப் பதனிட்ட தோலும் மெழுகு நூலும் எடுத்துத் தந்துவிட்டு பிரியாணி வாங்கப் போய்விட்டார். போனில் பழைய ஷூக்களின் படம் பார்த்தோம். கணுக்கால் வரை ஏறும் பெண்கள் ஷூ என்று முடிவானது. அளவுக்கு என் காலைத் தாளில் வைத்து வரைந்தார்கள்.

மெஷின் கூடாது என்று அக்கா கண்டிப்பு. கையால் குத்திக் குத்தித் தைத்ததில் விரல் வீங்கியது. சோல் ஒட்டுகிறவள் பசையே இல்லாமல் சோல் தைக்க வேண்டியிருந்ததால் வேலை முடியும் வரை புலம்பினாள். வெட்டுகிறவள் ஒரு துண்டைத் திருப்பி வெட்டிவிட்டு, அதற்கு என்னைத் திட்டினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கம்பெனியில் பேசினாலே சூபர்வைசர் முறைப்பார், இங்கே கேட்பதற்கு யாருமில்லை.

மூன்று மணி வாக்கில் ஜோடி முடிந்தது. ஒன்று லேசாகக் கோணல். அக்கா எடுத்தார். கட்டை விரல் உள்ளே போனது. வளைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்தோம். அவருடைய கை போன் கவர் வரை போய், அப்படியே திரும்பி வந்தது.

"ஒட்டலியாக்கா?" என்றேன்.

"கடல்ல கெடந்த ஷூ நேராவா இருக்கும்? இது பாஸு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

உப்புத் தண்ணீரில் நனைத்து, கசக்கி, வெயிலில் காட்டி எடுத்துக்கொண்டு போனோம். தச்சர் வாங்கி மணலில் வைத்தார். என் கால் அளவு ஷூ அது. அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, போகிற ஊரில் எப்படிப்பட்ட வேலை கிடைக்குமோ என்று நினைத்திருப்பாளே ஒருத்தி, அவள் படுத்திருந்த இடம் மாதிரியே இருந்தது. மேனேஜர் வந்தார், ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். தச்சரின் மனைவி ஓடிப்போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

தச்சர் போர்டு எழுத உட்கார்ந்தார். 'கடலடியில் கிடக்கும் ஷூவின் மாதிரி' என்று எழுதியவர், பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "பேரு சொல்லுங்கக்கா. செஞ்சவங்க பேரு போடணுமில்ல?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது எங்களுக்கு வழக்கமே இல்லை. கடைசியில் அக்காதான் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார், இனிஷியலோடு.

அந்தக் கப்பல் இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ தெரியாது. நான் தைத்த ஷூக்கள் எத்தனையோ நாட்டுக்கு, யார் யார் பெயரையோ போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கின்றன. என் பெயர் எழுதிய ஒரே ஜோடி, இனி நடக்கவே முடியாத ஒருத்திக்காகச் செய்தது என்பதை நினைத்தால், தையல் மெஷினில் காலை வைக்கும்போது இன்றைக்கும் என் கை ஒரு நிமிஷம் நின்றுதான் தைக்க ஆரம்பிக்கிறது.