பிரசவச் சவ்வும் மணியக்காரர் கண்ணும்

கண் திறந்தால் புகழ் டாக்டருக்கு, திறக்காவிட்டால் திட்டு வார்டு ஆளுக்கு. ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டிய உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுத்த காலத்தில், தர்மபுரியில் நான் பட்டது இது.

சுண்ணாம்புத் தொட்டி

பாப்பாரப்பட்டிப் பக்கத்து மணியக்காரர் ஒருவர், வேலையாளைத் திட்டுவதற்காகக் கொதிக்கும் சுண்ணாம்புத் தொட்டிமேல் குனிந்தார். தெறித்த சுண்ணாம்பில் ஒரு கண்ணின் இமை விழியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துவிட்டாலும் மறுபடி ஒட்டும், நடுவே பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வை வைத்துத் தைத்தால் ஒட்டாது என்று டாக்டர் சீமைப் புத்தகத்தில் படித்திருந்தார். படித்தவர் அவர், வாங்கி வர வேண்டியவன் நான்.

இதே மணியக்காரர்தான் மாரியம்மன் பண்டிகையில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர். நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்பது, நல்ல கண்ணால் என்னைப் பார்த்ததும் தெரிந்தது. "இவனத் தவிர வேற ஆளே இல்லீங்களா டாக்டர்?"

மை வைக்கிறவன்

நம் பக்கத்தில் சவ்வு ஒட்டிவரும் நஞ்சுக்கொடியை வீட்டாரே வாங்கிப் போய், நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பார்கள். அதிலும் தலைச்சன் பிள்ளையுடையது என்றால் மந்திரவாதி எடுத்து மை செய்துவிடுவான் என்று பயம். பிரசவ வார்டு வாசலில் நின்று நான் சவ்வு கேட்டதும், மொரப்பூர்க்காரி ஒருத்தி என்னை அடிக்க விசிறியைத் திருப்பிப் பிடித்தாள். "மை வெக்கிறவனுங்க இப்ப கவர்மெண்டு சம்பளத்துல வர்றானுங்கடி."

சொந்தப் பேரன்

அந்தச் சமயம் பார்த்து மணியக்காரர் மருமகளுக்கே வீட்டில் பிரசவம். டாக்டர் என்னை ஓடச் சொன்னார். நான் போவதற்குள் புதைத்து, மேலே கல்லும் வைத்துவிட்டார்கள். மணியக்காரர் சம்சாரம் வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்: "பேரனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்க. அவருக்குத்தான் இன்னொரு கண்ணு இருக்குதே."

குடியிருந்த இடம்

இனியும் தள்ளிப்போட்டால் கண் போய்விடும் என்றார் டாக்டர். போனால் போகட்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் போனாலும் திட்டு எனக்குத்தானே.

வத்தல்மலையிலிருந்து ஒருத்தியை டோலி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. கண்ணுக்கு வைத்துத் தைக்கச் சவ்வு வேண்டும் என்றேன். யாருடைய கண்ணுக்கு என்று கேட்டாள். சொன்னேன். மலைக்காரர்கள் தினை கொண்டுபோனால் மூட்டையை வேலிக்கு வெளியிலேயே இறக்கச் சொல்லுகிறவர் அவர். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடுத்துக்குங்க. மிச்சத்த நாய் தொடாமப் பொதைச்சிருங்க. எம்மவ குடியிருந்த வூடுங்க அது."

கட்டு அவிழ்த்த நாள்

தைப்பதற்கு முன், சவ்வு எந்த வீட்டு ஆண்பிள்ளையுடையது என்று மணியக்காரர் கேட்டார். மலைக்காரி பெற்ற பெண்பிள்ளையுடையது, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார் டாக்டர். மணியக்காரர் தோள் துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு தானாகவே மேசைமேல் படுத்துக்கொண்டார்.

கட்டு அவிழ்த்தபோது இமை தாராளமாக ஏறி இறங்கியது. டாக்டருக்கு வாழைத்தார் வந்தது, கம்பவுண்டருக்கு வேட்டி வந்தது. பேசின் பிடித்து நின்ற என்னை மட்டும் அருகில் கூப்பிட்டார். "வெளிய சொன்னீன்னா தோல உரிச்சுருவேன்."

வேலிக்குள் விடாதவர்களின் வீட்டை இமைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாலேயே அவர் சாகும்வரை என்னை முறைத்ததுதான் அந்த உத்தியோகத்தில் நான் கண்ட மிச்சம்.