நிலைக்காலில் குடியேறிய வண்டு

உளியை வைப்பதற்கு முன் ஜீவேந்திரன் மரத்தை விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவார். தட்டிவிட்டுக் காத்திருப்பார். உள்ளே எறும்போ கரையானோ இருந்தால் வெளியேறட்டும் என்றுதான். திண்டிவனத்துச் சமண நயினார் குடும்பம். பொழுது சாய்ந்தால் சோறு தொடாதவர், உயிர் இருக்கும் கட்டையில் உளி தொடுவாரா?

சிற்பி என்றதும் சாமி சிலை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் செய்வதில் கண்ணும் இருக்காது, மூக்கும் இருக்காது. ஒரு வளைவு, ஒரு பள்ளம், அவ்வளவுதான். கோபம் வந்தால் இரும்பு. விக்கிரவாண்டிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட லாரிப் பட்டைகளை அடித்து முறுக்குவார். "டங்கு டங்குனு சத்தம் வந்தா நான் அந்தாண்ட போவவே மாட்டேன்" என்பாள் மனைவி கனகமணி. துக்கம் என்றால் மரம். அப்போது வீட்டில் சத்தமே இருக்காது.

இப்போது மரம். அனந்தபுரத்தில் அம்மா வாழ்ந்த வீட்டை இடித்தபோது, வாசல் நிலைக்கால் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவந்து தெருவைப் பார்த்த முற்றத்தில் நிறுத்தினார். மல்லாட்டைக் கடலை விற்கப் போன அப்பா திரும்பும்வரை அம்மா சாய்ந்து நின்ற கால் அது. இடுப்பு உயரத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் உளியும் படக்கூடாது, வேறொருவர் கையும் படக்கூடாது. மற்றதெல்லாம் அதற்கேற்ப வளைந்துகொண்டே வந்தது. உச்சியில் ஒரே ஒரு வெட்டு பாக்கி. விழுப்புரம் கண்காட்சிக்கு முதல்முறையாக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர்கள் கேட்டிருப்பதும் இதைத்தான். ஏற்றிப்போக வண்டியும் வந்துவிட்டது.

தட்டினார். உள்ளே 'ர்ர்ர்' என்றது. உச்சியில் விரல் நுழையும் துளை. அடியில் புது மரத்தூள். கருவண்டு குடியேறியிருக்கிறது.

"ஊதிவுடுங்க, போயிடும்" என்றாள் கனகமணி.

"அது போவும். உள்ள முட்டை வச்சிருந்தா?"

"அப்ப வெட்டாம அப்பிடியே ஏத்துங்க. மூக்கே இல்லாத சிலையில ஒரு வெட்டு கொறஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க போயி வெளிய வந்தா, அது எந்த ஊருன்னு அதுக்குத் தெரியுமா?"

வண்டிக்காரர் திருமுருகன் தலையைச் சொறிந்தார். "சார், ஜல்தி சொல்லுங்க. டோல்ல மாட்டிக்கினா பேஜாரு. இரும்புல ஒண்ணு ஏத்தட்டுமா?"

"அது கோவத்துல செஞ்சது. நாலு பேரு பாக்க வேணாம். நீ கெளம்புப்பா."

வண்டி காலியாகக் கிளம்பியது. "ஒரு வண்டுக்காவ!" என்று முணுமுணுத்தபடி, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றாள் கனகமணி. நின்றவள் தன்னையறியாமல் நிலைக்காலில், தேய்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

தள்ளி நில் என்று சொல்லத்தான் ஜீவேந்திரன் வந்தார். அம்மா நின்ற அதே சாய்வு. மரத்தைத் தட்ட ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, உளியை எடுத்துத் துணியில் சுற்றினார்.