மூன்று தம்பிமாரின் குளிசைகள்

தருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதை ஸாலிஹா சுனாமி முகாமில் கற்றுக்கொண்டாள். சாய்ந்தமருதில் அவளுடைய வீட்டையும் தையல் மெசினையும் கடல் கொண்டுபோன பிறகு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஒன்று மெசின் கொடுத்தது. இன்னொன்றும் மெசின் கொடுத்தது. துணி கொடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மறுத்தால் அடுத்தமுறை லொறி நம் கூடாரத்தைத் தாண்டிப் போய்விடும் என்று அவள் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினாள்.

அந்தப் பழக்கம்தான் குளிசை விஷயத்தில் வினையானது.

யுத்தம் முடிந்த வருஷம் அவளுக்குப் பாதங்களில் இலேசான எரிவு. தாய் தகப்பனில்லாமல் அவள் வளர்த்தெடுத்த தம்பிமார் மூவரும் அப்போது வெளிநாட்டில் இருந்தார்கள். கட்டாரிலிருந்த மூத்தவன் அபுல் ஹஸனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நரம்புக்கென்று ஒரு போத்தல் விற்றமின் குளிசை வந்து சேர்ந்தது. சவூதித் தம்பி அதைவிடப் பெரிய போத்தல் அனுப்பினான். டுபாய்க் கடைக்குட்டி சும்மா இருப்பானா? அவனுடையது தங்கநிற மூடி போட்ட சத்துக் குளிசை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆள்மாறி ஆள் போனில் கோல் எடுப்பார்கள்.

"ராத்தா, நான் அனுப்பினதக் குடிக்கிறீங்களா?"

"ஓம்டா தம்பி, குடிக்கிறன்."

பொய் சொல்லக்கூடாதே என்று மூன்றையும் குடித்தாள். பிள்ளை வளர்ப்பில் செய்யாத ஓரவஞ்சனையைக் குளிசையில் செய்வாளா?

"இவ்வளவு குடிச்சா ஒண்டும் செய்யாதா ராத்தா?" என்று பக்கத்து வீட்டு ஹப்ஸா கேட்டாள்.

"விற்றமின்தானே புள்ள. மிஞ்சினது மூத்திரத்தோட போயிரும்."

அதுவும் பளிச்சென்று மஞ்சளாகப் போய் அவளுக்குச் சாட்சி சொன்னது.

எரிவு போய் விறைப்பு வந்தது. தம்பிமார் கலங்கிப்போய், இரண்டிரண்டாகக் குடிக்கச் சொன்னார்கள். கால் இன்னும் விறைத்தது. ஒருநாள் கடைக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். மற்றது கழன்றதே தெரியவில்லை.

நோன்புப் பெருநாள் உடுப்புகள் குவிந்திருந்த நேரம் அது. கால் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று தெரியாமல் மிதிக்க, மெசின் பின்பக்கமாகச் சுழன்று நூலை அறுத்தது. கோத்தாள், மிதித்தாள், மறுபடி அறுந்தது. தையல் போனால் தம்பிமார் அனுப்புவதில்தான் சீவிக்க வேண்டும். விறைப்பைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஹப்ஸா அவளைக் கல்முனையில் டொக்டர் றெஜிதாவிடம் கூட்டிப்போனாள். சீனி வருத்தமா என்று இரத்தம் சோதித்தார்கள். இல்லை.

"என்ன மருந்து குடிக்கிறீங்க அம்மா?"

"மருந்து ஒண்டும் இல்ல டொக்டர்."

"அந்தப் போத்தலுகள்?" என்றாள் ஹப்ஸா.

"அது மருந்தா? தம்பிமார் அனுப்பினது."

ஹப்ஸா பையிலிருந்து மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள். டொக்டர் ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பி வாசித்தார்.

"பேர்தான் மூண்டு. எல்லாத்திலயும் பி6 விற்றமின் இருக்கு, அதுவும் கூடின அளவு. இது குறைஞ்சாலும் நரம்பு விறைக்கும், மாசக்கணக்கா மிஞ்சினாலும் விறைக்கும். எல்லாம் மூத்திரத்தோட போயிராது."

"அப்ப காலுக்கு மருந்து?"

"இதுகள நிப்பாட்டுறதுதான். மெல்ல மெல்லத்தான் சுகம் வரும். இனி ஆர் எத அனுப்பினாலும் காட்டிட்டுக் குடிங்க."

வெள்ளிக்கிழமை, டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அபுல் ஹஸன் சொன்னான்: "மத்தவனுகள்ட குப்பைய நிப்பாட்டுங்க ராத்தா. என்ட நல்ல கொம்பனிச் சாமான்." மற்ற இருவரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்கள். ஸாலிஹா மூவரிடமும் குடிக்கமாட்டேன் என்றாள்.

அந்தப் பெருநாள் உடுப்புகள் வேறு கைகளுக்குப் போயின. ஹஜ்ஜுப் பெருநாளும் அப்படியே போனது. மழை ஓய்ந்து வயல்களில் வேளாண்மை வெட்டு தொடங்கிய நாட்களில், துணி வெட்டிக்கொண்டிருந்தவளின் உள்ளங்காலில் சுரீரென்றது. குண்டூசி. அதைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி கோல் எடுத்தான்.

"கால்ல ஊசி குத்திட்டுடா. நோகுது," என்றாள், பெருநாள் வாழ்த்துச் சொல்லும் குரலில்.

"பயப்படாதீங்க ராத்தா. அதுக்கு இஞ்ச நல்ல ஓயின்மென்ட் ஒண்டு இருக்கு."

ஸாலிஹா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியைப் பிடுங்கினாள். மெசினில் உட்கார்ந்து வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாள். சக்கரம் முன்பக்கமாகவே சுழன்றது. அவன் இன்னும் ஓயின்மென்ட்டின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.